கடுகு வெடிக்கும்போது கண் சிமிட்டாதவன்

அந்த ஐப்பசியில் நான் ஒரு சபதம் செய்தேன். தை மாதத்துப் பிஸ்டல் போட்டியில் கோப்பையை ஜெயிப்பேன். ஜெயித்துவிட்டு, கொடைக்கானலை விட்டு ஓர் அடிகூடக் கீழே இறங்க மாட்டேன்.

சபதத்தை அடுப்படி வாசலில் நின்று உரக்கச் சொன்னேன். உள்ளே என் மனைவி சுந்தராம்பாள் ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தாள்.

"கேட்டியா?"

"கேட்டுச்சு. கதவச் சாத்துங்க. மேகம் உள்ள வருது."

என் சபதத்துக்கு வீட்டில் கிடைத்த மரியாதை இவ்வளவுதான். ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் ஊர் மேகத்துக்குக் கூச்சமே கிடையாது. கதவு திறந்திருந்தால் நேராக வந்து கூடத்தில் உட்கார்ந்துகொள்ளும். அதையும் விரட்டிவிட்டால் எங்கள் வீட்டுக்கு வர வேறு யாருமில்லை. ஆனாலும் கதவைச் சாத்தினேன். சொன்னதைச் செய்வது எனக்கு இருபத்தைந்து வருஷப் பழக்கம்.

நான் யார் என்று சொல்லவில்லையே. பெயர் நல்லுசாமி. மலைப்பூண்டு மண்டியில் கணக்குப்பிள்ளை. பூம்பாறையிலிருந்து வரும் பூண்டை எடை போட்டு, வத்தலக்குண்டில் இருக்கும் பெரிய மண்டிக்கு லாரி ஏற்றிவிடுவது என் உத்தியோகம். சட்டையைத் துவைத்தாலும் பூண்டு வாசனை போகாது. எனக்கு முன்னால் என் வாசனை வீட்டுக்கு வந்துவிடும் என்பதால், வாசலில் நின்று நான் வந்துவிட்டேன் என்று சொல்ல வேண்டிய அவசியமும் இருந்ததில்லை.

எங்களுக்கு ஒரே மகள். சண்முகவள்ளி. போன வருஷம் வத்தலக்குண்டில் கட்டிக்கொடுத்தோம். வீட்டில் இருந்தது மூன்று பேர். ஒருத்தி போனால் இரண்டு பேர் மிச்சம் என்று கணக்குப்பிள்ளையான நான் கணக்குப் போட்டேன். கணக்கு தப்பு. இரண்டு பேர் மிஞ்சவில்லை. கூடத்தில் ஒருத்தன், அடுப்படியில் ஒருத்தி என்று தனித்தனியாக மிஞ்சினோம். அதுவரை மூன்று பேரும் பேசிக்கொண்டிருந்ததாகத்தான் நினைத்திருந்தேன். வள்ளி போன பிறகுதான் தெரிந்தது, நான் அவளோடு பேசியிருக்கிறேன், சுந்தராம்பாளும் அவளோடு பேசியிருக்கிறாள். நாங்கள் இருவரும் ஒருவரோடொருவர் பேசியதே இல்லை.

அதற்குப் பயந்துதான் நான் க்ளப்புக்கு ஓடினேன்.

அது முன்பு எஸ்டேட் துரைமார்கள் மட்டும் குறிசுட்ட இடம். துரைமார்கள் ஒவ்வொருவராகக் கப்பலேறிவிட்டார்கள். சுடுவதற்கு ஆள் இல்லாமல் இலக்கு அட்டைகள் பூஞ்சை பிடித்துக் கிடந்தன. சீனாச் சண்டைக்கு அப்புறம், கறுப்புத் தோலும் குறி பார்க்கும் என்று கண்டுபிடித்து எங்களைச் சேர்த்துக்கொண்டார்கள். ரிடையர் ஆன சுபேதார் ஒருவர் வாத்தியார். பெயர் சேனாதிபதி. பட்டாளத்தில் அவர் அந்தப் பதவிவரை போகவில்லை. அவர் வீட்டில் அந்தப் பதவி காலியாக இல்லை. அவர் மனைவி அழகம்மாள் அதில் இருந்தாள்.

அங்கே எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது நிதானச் சூடு. ஒரே கையால் பிஸ்டலை நீட்டிப் பிடித்து, தூரத்து அட்டையில் இருக்கும் கறுப்பு வட்டத்தைச் சுட வேண்டும். பத்துக் குண்டு. ஒவ்வொரு குண்டுக்கும் ஒரு நிமிஷம் தருவார்கள். அவசரமே இல்லை. கஷ்டமே அதில்தான் இருந்தது. கையை நீட்டிக்கொண்டு ஒரு நிமிஷம் தனியாக நின்று பாருங்கள். மனசில் என்னென்னவோ வரும். எனக்குக் காலி வீடு வரும். வள்ளியின் பாவாடை காயாத கொடி வரும். சீக்கிரம் முடித்துத் தொலைப்போம் என்று விசையை வெடுக்கென்று இழுப்பேன். குண்டு அட்டைக்குக் கீழே மண்ணில் போய்ப் புதையும். அந்த மண்மேட்டில் மட்டும் போட்டி வைத்திருந்தால் மூன்று கோப்பை வாங்கியிருப்பேன்.

ஒருநாள் சுபேதார் பிஸ்டலை என் கையில் கொடுத்து, "சுடுங்கய்யா" என்றார். சுட்டேன். டிக் என்றது. உள்ளே குண்டே இல்லை.

"பாத்தீங்களா?" என்றார்.

"என்னத்தப் பாக்கிறது? குண்டு போட மறந்துட்டீங்க."

"நான் மறக்கல. வெடிக்கவே இல்ல, அதுக்குள்ள கண்ண மூடிட்டீங்க, கை கீழ எறங்கிருச்சு. சத்தம் வரப்போகுதுன்னே பயப்படுறீங்க நல்லுசாமி."

"பயமா? எனக்கா?"

"எனக்கும் அப்படித்தான், கல்யாணமான புதுசுல. குறி பாக்க அவசரப்படாதீங்க. குழல் நுனியில இருக்கிற முள்ள மட்டும் பாருங்க. அட்டை மங்கலாத் தெரிஞ்சா தெரிஞ்சிட்டுப் போகட்டும். மூச்சப் பாதி விட்டு நிறுத்துங்க. விரல மெல்ல மெல்ல அழுத்துங்க. எப்ப வெடிச்சதுன்னு உங்களுக்கே தெரியக் கூடாது. கை ஆடுச்சா, கீழ எறக்கிட்டு மறுபடி ஆரம்பிங்க."

இதெல்லாம் கேட்க நன்றாகத்தான் இருந்தது. போட்டியில் நான் எப்போதும் கடைசிக்கு முந்தினவன். கடைசி ஆள் அன்றைக்கு வராதவன்.

இந்த நிலைமையில்தான் வள்ளி மாசமானாள். சந்தோஷச் சேதியோடு ஒரு சிக்கலும் மலை ஏறி வந்தது.

"தலைப்பிரசவம் தாய்வீட்லதான்," என்றாள் சுந்தராம்பாள்.

"தாராளமா. வரச் சொல்லு."

"சம்பந்தி வீட்ல முறைய மாத்த மாட்டாங்க. ஆனா வயித்துப்புள்ளைய இத்தனை வளைவுல பஸ்ஸு ஏத்தி அனுப்பவும் மாட்டாங்க. தையும் மாசியும் இந்தக் குளிருல பச்சப்புள்ளைய என்ன செய்வீங்க?"

"அப்ப என்னதான் செய்யணும்கிறே?"

"தாய்வீடு மேல கெடக்கு. புள்ள கீழ கெடக்கா. புள்ள மேல வர முடியாது. அப்ப எது கீழ போகணும்?"

"வீட்டுக்குக் கால் இருக்கா?"

"உங்களுக்கு இருக்குல்ல?"

விஷயம் இதுதான். மண்டி முதலாளி மயில்சாமி ஒரு வருஷமாகவே, "கீழ வந்துருங்க, பெரிய மண்டியப் பாத்துக்கோங்க" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் நழுவிக்கொண்டிருந்தேன்.

"நீ மட்டும் போய் இருந்துட்டு வா," என்றேன்.

"நான் சம்பந்தி வீட்ல போயி ஒண்டிக்கெடந்தா அது தாய்வீடா? அப்பன் இல்லாத வீட்டத் தாய்வீடுன்னு ஊரு ஒத்துக்குமா?"

"வத்தலக்குண்டு வெயில் எனக்கு ஒத்துக்காது."

"இங்க என்ன இருக்கு?"

"க்ளப் இருக்கு."

"அங்க போய் மண்ணத்தானே சுடுறீங்க? மண்ணு வத்தலக்குண்டுலயும் இருக்கு."

மண் விஷயம் இவளுக்கு எப்படித் தெரிந்தது? அழகம்மாள் உபயம். எனக்குச் சுருக்கென்றது. உண்மைக் காரணத்தை அவளிடம் நான் சொல்லவில்லை. வெயில் இல்லை, க்ளப்பும் இல்லை. மகள்தான் போய்விட்டாள். மகள் இருந்த வீடாவது மிச்சம் இருந்தது. அதையும் பூட்டிவிட்டு இறங்கினால் எனக்கு என்ன இருக்கிறது என்று பயம். இதை ஓர் ஆண்பிள்ளை எப்படிப் பெண்டாட்டியிடம் சொல்வது? அதனால்தான் சபதம் செய்தேன்.

அன்று சாப்பிடும்போது சுந்தராம்பாளே ஆரம்பித்தாள்.

"அந்தச் சபதம் நெசந்தானா?"

"பின்னே?"

"அப்ப ஒரு பேச்சு பேசிக்குவோம். தையில நீங்க ஜெயிச்சா, நீங்க எந்த எடத்தச் சொல்றீங்களோ அங்க நான் இருக்கேன். பேறுகாலத்துக்குச் சம்பந்தி வீட்ல தலையக் குனிஞ்சுக்கிட்டு இருந்துட்டு, திரும்பி வந்துர்றேன். தோத்தீங்கன்னா சட்டி பானையோட நாம கீழ."

"அப்புறம் பேச்சு மாற மாட்டியே?"

"பூம்பாறை குழந்தை வேலப்பர் சாமி மேல ஆணை."

இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்கிறாளே என்று யோசித்தேன். அப்புறம் புரிந்தது. நான் தோற்பேன் என்று அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை. பெண்டாட்டிக்குப் புருஷன்மேல் நம்பிக்கை இருக்க வேண்டியதுதான். அது இந்த மாதிரி நம்பிக்கையாகவா இருக்க வேண்டும்? எனக்கு ரோஷம் பொங்கியது.

க்ளப் பிஸ்டல் க்ளப் அலமாரியை விட்டு வெளியே வராது. அதனால் ஆசாரியிடம் சொல்லி மரத்தில் ஒன்று செதுக்கி, எடைக்கு உள்ளே ஈயம் ஊற்றிக்கொண்டேன். கூடத்துச் சுவரில் கரியால் கறுப்பு வட்டம். எதிரே நான். கையை நீட்டினேன். கை காற்றில் ஆடும் கொடிபோல ஆடியது.

சுந்தராம்பாள் எட்டிப் பார்த்தாள்.

"பல்லு ஏன் கிட்டுது?"

"குளிருது."

"பல்லு ஆடுனா கை ஆடாதா? கூடத்துல நின்னு வெறச்சுப் போறதுக்கு அடுப்படிக்கு வாங்க. அங்க கதகதன்னு கெடக்கு."

நியாயமாகப் பட்டது. கரித்துண்டையும் மரப் பிஸ்டலையும் எடுத்துக்கொண்டு போனேன். அந்த வீட்டில் குடியேறி எத்தனையோ வருஷம். அடுப்படியை வாசலிலிருந்துதான் பார்த்திருக்கிறேன். உள்ளே ஒரு ஜன்னல் இருப்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்த ஜன்னலில் மலைப்பாதை வளைவு தெரிந்தது.

மறுநாளிலிருந்து அவள் சுபேதார் வீட்டுக்குப் போய் வர ஆரம்பித்தாள். போய் வரும்போதெல்லாம் ஒரு பயிற்சி கொண்டுவருவாள்.

"அழகம்மாக்கா சொல்லுச்சு. கைக்குப் பலம் வேணுமாம். இந்தச் செம்பு நெறையத் தண்ணி. நீட்டிப் பிடிங்க. ஒரு சொட்டு சிந்தக் கூடாது."

பிடித்தேன். குழம்புக்கு எப்போது வேண்டுமோ அப்போதெல்லாம் என் செம்பிலிருந்து ஊற்றிக்கொண்டாள்.

"கண்ணுக்குப் பயிற்சி வேணுமாம். இந்த அரிசியில கல்லப் பாருங்க."

பார்த்தேன்.

"விரலு நேரா பின்னால அழுந்தணுமாம். பக்கத்துல இழுக்கக் கூடாதாம். பூண்ட உரிங்க. பல்லு நசுங்காம, தோலு மட்டும் கழண்டு வரணும்."

"நாள் பூரா மண்டியில பூண்டு. வீட்லயும் பூண்டா?"

"கோப்பை வேணுமா வேண்டாமா?"

உரித்தேன். அவள் மணையைப் போட்டு எதிரே உட்கார்ந்தாள். சும்மா உட்கார்ந்திருக்க முடியுமா? பேச வேண்டியதாயிற்று. முதலில் பூண்டைப் பற்றிப் பேசினோம். அப்புறம் வள்ளி சின்ன வயசில் பூண்டு மூட்டைக்குள் ஒளிந்துகொண்டதைப் பற்றி. ஒருநாள் அவள் கேட்டாள்:

"நீங்க க்ளப்புக்குப் போனப்புறம் நான் என்ன செய்வேன்னு நெனச்சீங்க?"

"சமைப்பே."

"சமைச்சு முடிச்சப்புறம்?"

நான் பூண்டைப் பார்த்தேன்.

"இந்த ஜன்னல்ல நிப்பேன். வத்தலக்குண்டு பஸ்ஸு வளைவுல ஹாரன் அடிக்கும்ல, அதக் கேட்பேன். அவ வந்துறப் போறதில்லன்னு தெரியும். இருந்தாலும் கேட்பேன்."

நான் க்ளப்பில் மண்ணைச் சுட்டுக்கொண்டிருந்த அந்த நேரமெல்லாம் இவள் இங்கே பஸ் சத்தம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.  "பூண்டுக் காரம் கண்ணுல பட்டுருச்சு," என்றேன். நசுங்காத பூண்டுக்குக் காரம் ஏது? அவள் இன்னொரு கைப்பிடிப் பூண்டை என் பக்கம் தள்ளினாள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய பயிற்சி அடுத்து வந்தது.

"வெடிச் சத்தத்துக்குத்தானே கண்ணு மூடுது?"

"சுபேதார் சொல்லிட்டாரா? எனக்கு ஒண்ணும் மூடல."

"சரி. பிஸ்டல நீட்டிக்கிட்டு நில்லுங்க. வட்டத்தப் பாக்காதீங்க, முள்ளப் பாருங்க."

நின்றேன். பக்கத்தில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. திடீரென்று ஒரு கை கடுகை அள்ளிப் போட்டாள். பட் பட் படபட! நான் பிஸ்டலோடு கொல்லைவரை போய்விட்டேன்.

"கண்ண மூடிட்டீங்க," என்றாள் உள்ளேயிருந்து.

"காலும் ஓடிருச்சு. அதச் சொல்ல மாட்டியா?"

"அதுக்குப் பயிற்சி இல்ல. வாங்க."

தினமும் தாளிப்பு நேரத்தில் நான் குறி பார்த்து நிற்பேன். எப்போது போடுவாள் என்று சொல்ல மாட்டாள். முதலில் கடுகு விழுவதற்கு முன்பே கண் மூடிற்று. அப்புறம் விழுந்த பிறகு மூடிற்று. கார்த்திகை முடிவதற்குள், புறங்கையில் ஒரு கடுகு வந்து சுட்டபோதும் நான் முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றேன். "ம்," என்றாள் சுந்தராம்பாள். எங்கள் கல்யாண வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த முதல் பாராட்டுப் பத்திரம் அதுதான்.

இதற்கிடையே எனக்கு ஒரு சந்தேகம். நான் ஜெயித்தால் அவளுக்கு நஷ்டம். பிறகு ஏன் இவ்வளவு பாடுபடுகிறாள்? வேலை வாங்கியே என் கையை ஒடித்துத் தோற்கடிக்கப் பார்க்கிறாளோ? சுபேதாரைத் தனியாகப் பிடித்தேன்.

"கடுகுப் பயிற்சி உங்க பட்டாளத்துல உண்டா?"

"என்ன பயிற்சி?"

"கடுகு தாளிக்கிறது. பூண்டு உரிக்கிறது."

"பட்டாளத்துல அத தண்டனையாத்தான் குடுப்பாங்க."

"அப்ப அதெல்லாம் நீங்க சொல்லலையா?"

அவர் அன்றைக்கு நான் சுட்ட அட்டையை எடுத்து வந்தார். பத்துக் குண்டும் கறுப்புக்குள்.

"யாரு சொன்னதா இருந்தா என்னய்யா? நிறுத்திறாதீங்க."

நான் யோசித்தேன். அவர் சொல்லவில்லை என்றால் எல்லாம் சுந்தராம்பாளின் சொந்தச் சரக்கு. தோற்கடிக்க நினைத்துச் செய்கிறாள், அது நேர்மாறாகப் பலித்து நான் தேறிக்கொண்டிருக்கிறேன்! யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட மாதிரி. எனக்கு அவள்மேல் பரிதாபம் வந்துவிட்டது. வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். அவள் அப்போதுதான் அழகம்மாள் வீட்டிலிருந்து திரும்பியிருந்தாள்.

"வருசா வருசம் கை மாறுற கோப்பை இப்ப அவங்க வீட்லதான கெடக்கு. கறுத்துப் போயிருந்துச்சு. புளி போட்டுத் தேச்சு வச்சிட்டு வந்தேன்," என்றாள்.

"அத நீ ஏன் தேய்க்கிறே?"

"நம்ம வீட்டுக்கு வரப்போறதுதானே."

பாவம், வெகுளி என்று நினைத்துக்கொண்டேன். அந்தக் கார்த்திகைக் கடைசியில் ஒருநாள் அழகம்மாளோடு சந்தைக்குப் போகிறேன் என்று கிளம்பி, இருட்டின பிறகுதான் திரும்பினாள்.

தை பிறந்தது. மேகம் விலகி வெயில் பளிச்சென்று அடித்தது. சுபேதாருக்குக் கண்ணில் புரை. அந்த வருஷம் அவர் சுடவில்லை. எனக்குப் போட்டி மரக் காண்ட்ராக்டர் வேலுமணி. ஆள் அசையாமல் நிற்பார், மரங்களோடு பழகினவர். கடைசிக் குண்டுவரை இருவரும் சமமாக வந்தோம்.

கடைசிக் குண்டுக்குக் கையைத் தூக்கினேன். ஆடியது. பழைய நல்லுசாமியாக இருந்தால் வெடுக்கென்று இழுத்திருப்பான். நான் கையை இறக்கினேன். பக்கத்தில் எண்ணெய் காய்கிற மாதிரி நினைத்துக்கொண்டேன். எதிரே மணையில் ஒருத்தி உட்கார்ந்திருக்கிற மாதிரியும். அந்த நிமிஷத்தில் முன்பெல்லாம் வருகிற காலி வீடு இப்போது வரவில்லை. மறுபடி தூக்கினேன். முள் தெளிவாகத் தெரிந்தது. விரல் பூண்டுத் தோலை உரிப்பதுபோல் அழுந்தியது. வெடித்தது எனக்கே தெரியாது. குண்டு வட்டத்தின் நடுவில்.

கோப்பையோடு வீட்டுக்கு வந்தேன். சுந்தராம்பாள் திருநீறு பூசிவிட்டாள். கோப்பையை வாங்கி, ஒரு சாண் போட்டுப் பார்த்து, "சரியா இருக்கு," என்றாள்.

"இப்ப என்ன சொல்றே?"

"நான் என்ன சொல்ல? ஜெயிச்சவரு நீங்க. எங்க இருக்கணும், சொல்லுங்க."

"இங்கதான்."

"சரி. நாளைக்கு வெள்ளனே பஸ்ஸுக்கு நான் கீழ போறேன். பேறுகாலம் முடிஞ்சதும் வந்துர்றேன்."

ஓர் அழுகை இல்லை, முனகல் இல்லை. இவ்வளவு கௌரவமாகத் தோற்கிற பெண்பிள்ளையை நான் பார்த்ததில்லை. மறுநாள் விடியலில் பஸ் ஏறினாள். ஜன்னலோரம் உட்கார்ந்து, "அடுப்ப அணைக்க மறந்துறாதீங்க. வெரசாப் போங்க, பனி விழுது," என்றாள். வளைவில் ஹாரன் அடித்து பஸ் மறைந்தது.

வீட்டுக்கு வந்தேன். நான், கோப்பை. கோப்பையைக் கூடத்தில் வைத்துப் பார்த்தேன். ஜன்னலில் வைத்துப் பார்த்தேன். எங்கே வைத்தாலும் அது என்னையே பார்த்தது. "என்ன?" என்றேன்.  ஜெயித்தவன் ஜெயித்ததைச் சொல்லிக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். மண்டியில் சொல்லியாயிற்று. கோப்பையிடமே கோப்பையைப் பற்றி எத்தனை தடவை சொல்வது?

சாயங்காலம் பழக்கதோஷத்தில் பூண்டு உரித்தேன். ஒரு குவியல் சேர்ந்துவிட்டது. யாருக்குச் சமைக்க? கோப்பைக்குள் போட்டு வைத்தேன். பயிற்சியை விடக்கூடாது என்று எண்ணெயைக் காயவைத்து, நானே கடுகைப் போட்டுவிட்டு, ஓடிப்போய்ப் பிஸ்டலை நீட்டினேன். பட்டென்று வெடித்தது. கண் மூடிக்கொண்டது. "மூடிட்டீங்க" என்று சொல்ல யாருமில்லை. அந்த மூன்று மாதமும் கடுகுக்குப் பயப்படாமல் நின்றேனே, பக்கத்தில் நின்றவளை நம்பித்தான் நின்றிருக்கிறேன். கண்ணைத் திறக்கவே பிடிக்கவில்லை. அப்படியே அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். உங்களிடம் சொல்வதற்கென்ன, நன்றாகவே அழுதேன்.

க்ளப்புக்குப் போனேன். பத்துக் குண்டும் பழைய மண்மேட்டுக்கே போயின. சுபேதார் அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "வீட்ல ஊருக்குப் போயிருக்காங்களோ?" என்றார்.

அப்புறம் நான் ஜன்னலில் நின்று பஸ் ஹாரன் கேட்க ஆரம்பித்தேன். அவள் நின்ற அதே இடம். பஸ் வரும், போகும். அவள் இதை ஒரு வருஷம் செய்திருக்கிறாள். எனக்கு ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. ஒரு காலையில் கோப்பையைப் பூண்டுச் சாக்கில் சுற்றி, வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். மகள் இருந்த வீடு பூட்டிக் கிடக்கட்டும். மகள் இருக்கிற ஊருக்குப் போவோம். யாரும் சொல்லி நான் போகவில்லை, நானே முடிவு செய்து போகிறேன் என்று வளைவுக்கு வளைவு எனக்கே சொல்லிக்கொண்டேன்.

வத்தலக்குண்டில் இறங்கியதும் வெயில் பொளேரென்று அறைந்தது. முதலில் முதலாளியிடம் கேட்டுவிட வேண்டும். ஒரு வருஷம் நழுவினவன் எந்த முகத்தோடு போய்க் கேட்பது? பஸ்ஸில் ஒரு பிரசங்கமே தயார் செய்திருந்தேன். பெரிய மண்டிக்குள் நுழைந்து, "முதலாளி, நான் ரொம்ப யோசிச்சு..." என்று ஆரம்பித்தேன்.

மயில்சாமி நிமிர்ந்து பார்த்தார். "வாங்க, வாங்க. அந்த நாற்காலி உங்களுக்குத்தான் போட்டுக் கெடக்கு. தூசி விழாமத் தொடச்சு வைக்கச் சொல்லியே ஓஞ்சு போனேன்."

"எப்போலேருந்து?"

"கார்த்திகையில உங்க வீட்டம்மா வந்து சொல்லிட்டுப் போனாங்கள்ல? ‘தை முடியறதுக்குள்ள வந்துருவாரு’ன்னாங்க. வீடு பின்தெருவுல. மொதல்ல போயிச் சாப்பிட்டுட்டு வாங்க."

"என்ன வீடு?"

"உங்க வீடுதான்!"

பின்தெருவில் கதவு திறந்திருந்தது. புதுச் சுண்ணாம்பு வாசனை. வள்ளி வயிற்றைத் தள்ளிக்கொண்டு சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"இப்பத்தான் வர்றீங்களாப்பா? அம்மா நேத்தே எதிர்பாத்துச்சு."

அவளைக் கண்டதும் நெஞ்சு நிறைந்துவிட்டது. அவள் தலையைத் தொட்டுவிட்டு, கேட்க வேண்டியதைக் கேட்க அடுப்படிக்குப் போனேன். சுந்தராம்பாள் அடுப்பு முன்னால் இருந்தாள். எதிர்ச் சுவரில் சரியாக என் தோள் உயரத்துக்கு ஒரு கறுப்பு வட்டம். அதன் பக்கத்தில், மேலும் கீழுமாக இரண்டு பலகை அடித்த ஒரு தட்டு. காலியாக இருந்தது.

சாக்கைப் பிரித்துக் கோப்பையை எடுத்துத் தட்டில் வைத்தேன். கச்சிதமாக உட்கார்ந்தது. மேல் பலகைக்கும் கோப்பைக்கும் நடுவே ஒரு நூல் இடைவெளி.

"இந்தப் பலகைய எப்ப அடிச்சே?"

"வீடு பிடிச்சப்பவே. கார்த்திகையில. ‘அழகம்மாக்காவோட சந்தைக்குப் போறேன்’னு ஒருநாள் சொல்லலையா? இந்தச் சந்தைக்குத்தான் வந்தோம்."

"கார்த்திகையில நான் கோப்பையே ஜெயிக்கலையே!"

"தேச்சு வச்சப்ப நூல் போட்டு அளவெடுத்துட்டேன்ல."

"நான் தோத்திருந்தா?"

"தோத்தாலும் இங்கதானே வந்திருப்போம். பேச்சு அப்படித்தானே?"

"பின்ன எதுக்குடி என்ன ஜெயிக்க வச்சே?"

"தோத்துப்போயி வந்தா சாகுறவரைக்கும் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு, ‘உன்னாலதான் எறங்கி வந்தேன்’னு சொல்லிக் காட்டுவீங்க. பேரப்புள்ள மொதமொத முழிக்கிற முகம் அப்படியா இருக்கணும்? ஜெயிச்சவருன்னா தானா வருவாரு. சிரிச்சுக்கிட்டு வருவாரு."

நான் சிரிக்கக் கூடாது என்று பார்த்தேன். முடியவில்லை. சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் ஆண்பிள்ளை ஒரு கேள்வியாவது கேட்டுத்தானே ஆக வேண்டும்?

"சரி, நான் வரவே இல்லேன்னா என்ன செஞ்சிருப்பே?"

அவள் அடுப்பில் காய்ந்துகொண்டிருந்த எண்ணெயில் ஒரு கை கடுகை அள்ளிப் போட்டாள். படபடவென்று வெடித்தது.

"கண்ண மூடிட்டீங்க," என்றாள். "மொதல்லேருந்துதான் ஆரம்பிக்கணும். அந்தப் பூண்ட எடுத்துக்கிட்டு உக்காருங்க."